கவர்னரம்மாவுக்குப் படித்துக் காட்டியது

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ்வழி வகுப்பு, அந்தத் தமிழ் டிவிஷன், போனது கவர்னரம்மாவால்தான் என்று சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டீக்கடையில் அந்தப் பேச்சு எழுந்தால் நான் பாதி டீயோடு எழுந்து வந்துவிடுவேன். வாதாடிப் பயனில்லை. அவர்கள் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. அந்த விஷயத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு, அதை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி உள்ளே பிரிகிற ரோட்டில் எங்கள் ஊர். கேரளாவில் இருக்கிறோம், சந்தைக்குப் பொள்ளாச்சிக்குப் போகிறோம், வீட்டில் தமிழ் பேசுகிறோம், அரசாங்கக் காகிதமெல்லாம் மலையாளத்தில் வருகிறது. இந்தக் குழப்பத்தை நம்பித்தான் நான் ஜெராக்ஸ் கடை வைத்தேன். எனக்கு மலையாளம் எழுதவும் படிக்கவும் நன்றாக வரும். வில்லேஜ் ஆபீசுக்கு, பஞ்சாயத்துக்கு, பள்ளிக்கூடத்துக்கு என்று எந்த அபேக்ஷையாக, அதாவது விண்ணப்பமாக, இருந்தாலும் நான் பூர்த்தி செய்து தருவேன். கடைசியில் பெருக்கல் குறி போட்டு, "இங்க ஒப்பு" என்பேன். கையெழுத்துக்கு எங்கள் பக்கம் ஒப்பு என்றுதான் பேர். என்ன ஏது என்று யாரும் கேட்க மாட்டார்கள். வேகமான கை என்று எனக்கு நல்ல பேர் இருந்தது.

அந்தப் பேரைக் கெடுத்தவர் கவர்னரம்மா. சொந்தப் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஊரிலும் யாரும் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் ஊரில் பிறந்து, அந்தப் பள்ளிக்கூடத்துத் தமிழ் டிவிஷனில் 'அ' எழுதிப் பழகி, பாலக்காட்டு கோர்ட்டில் வக்கீலாக இருந்து, கட்சியில் சேர்ந்து, வடகிழக்கில் ஒரு மலை மாநிலத்துக்குக் கவர்னராகப் போனவர். பதவி முடிந்ததும் டெல்லியிலோ கொச்சியிலோ தங்கிவிடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவரோ இரண்டு டிரங்குப் பெட்டியோடு தம்பியின் தென்னந்தோப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். காவலுக்கு ஒரு போலீஸ்காரர் கொஞ்ச நாள் வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் போரடித்து, பிறகு அவரையும் காணோம்.

முதலில் மாட்டியவர் கூரியர்காரர். பார்சலைக் கொடுத்து, இயந்திரத்தில் விரலால் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். இவர் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்து, "அதுல என்ன எழுதியிருக்குதுன்னு படிச்சுக் காட்டுங்க" என்றாராம். கூரியர்காரர் இத்தனை வருஷத்தில் அதைத் தானே படித்துப் பார்த்ததில்லை. வெயிலில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்ததில், பொருள் சேதமில்லாமல் கிடைத்தது என்று ஒப்புக்கொள்வதாக அதில் இருந்தது. சரி, பிரியுங்க என்றார் அம்மா. பிரித்தால் உள்ளே கண்ணாடிக் குடுவை உடைந்து கிடந்தது. அதிலிருந்து கவர்னரம்மா வீட்டுப் பார்சல் என்றால் அந்த ஆள் சாப்பாட்டை முடித்துக்கொண்டுதான் போவார்.

கேஸ் சிலிண்டர் சீட்டு, பேங்க் பாரம், ஆடு மேய்க்கிறவர் நீட்டிய நன்கொடை ரசீது, எதுவானாலும் இதே கதைதான். அவருக்குக் கண் தெரியாமல் இல்லை, ஊசியில் நூல் கோக்கிற கண். ஏன் அடுத்தவர் வாயால் படிக்கச் சொல்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"கண்ணு அவசரத்துல தாண்டிப் போயிரும். காது தாண்டாது" என்றார்.

பிறகு என் கடைக்கு வர ஆரம்பித்தார். லேமினேஷன் மெஷின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கும், அதில் உட்கார்ந்துகொள்வார். பாலில்லாத டீ குடிப்பார், அது அந்த மலை நாட்டில் பழகியது. மேலே ஒரு கம்பளிச் சால்வை, எங்கள் ஊர் ஏப்ரல் வெயிலிலும். பார்க்கிற எனக்கு வேர்க்கும். கடைக்கு யாராவது அபேக்ஷையோடு வந்தால், நான் பெருக்கல் குறி போடுகிற நேரத்தில் ஸ்டூலிலிருந்து குரல் வரும்: "படிச்சுக் காட்டு கண்ணு."

எனக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? ஐந்து நிமிஷ வேலை அரை மணி ஆனது. ஒரு நாள் கல்யாணப் பதிவுக்கு ஒரு ஜோடி வந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு அம்மாவையே கேட்டார்கள். பெண்ணையே படிக்கச் சொன்னார் அம்மா. அந்தப் பெண் தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என்று தடவித் தடவிப் படித்துக்கொண்டு வந்தாள். தகப்பனார் பெயர் வந்ததும் நின்றுவிட்டாள். நான் முந்தின நாள் அடித்த பாரத்தின் மேலேயே இதையும் அடித்திருந்தேன், அந்தப் பழைய பெயர் அப்படியே உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை வேறு யாருடைய மகளையோ கட்டிக்கொள்ள இருந்தார். எல்லாரும் சிரித்தார்கள், அம்மாவும் சிரித்தார். எனக்கு மட்டும் காது சூடேறியது. அன்று முதல் அவர் இல்லாத போதும் படித்துக் காட்ட ஆரம்பித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் அவர் இருக்கும்போது மட்டும் படித்தேன்.

ஒரு ஆடி மாசத்து மத்தியானம், கரன்ட் இல்லை, வெளியே மழை, கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். கவர்னராக இருந்தபோது நடந்ததை அன்றைக்குத்தான் சொன்னார். ஒரு தடவைதான் சொன்னார்.

அந்த மாநிலத்து மலை மாவட்டங்களில் நில விஷயங்கள் கவர்னர் கையெழுத்து வரை போகும். போன முதல் வருஷம். ரோடு போடுவதற்காக ஒரு சின்ன ஊரை இடம் மாற்றுகிற கோப்பு வந்தது. ஊர்க்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று முதல் பக்கத்தில் ஆங்கிலத்தில் சுருக்கம். பின்னால் அவர்கள் பாஷையில் ஒரு கடிதம், கீழே வரிசையாகக் கைநாட்டு. அந்தப் பாஷை இவருக்குத் தெரியாது. வெளி மாநிலத்துக்காரரைத்தானே கவர்னராக அனுப்புவார்கள். சுருக்கத்தைப் படித்துவிட்டு ஒப்புப் போட்டார். பல மாசம் கழித்து அந்தப் பக்கம் சுற்றுப்பயணம் போனபோது ஒரு பள்ளி ஆசிரியர் அதே கடிதத்தின் நகலைக் கொண்டுவந்து வாய்விட்டுப் படித்தார். நாங்கள் இங்கேயே இருக்கிறோம், எங்கள் ஆட்களைப் புதைத்த இடம் இங்கேதான் இருக்கிறது, எங்களை மாற்ற வேண்டாம் என்று அதில் இருந்தது. வேண்டாம் என்று எழுதின கடிதத்தைச் சம்மதக் கடிதமாகச் சேர்த்திருக்கிறார்கள். அதற்குள் ஊர் காலியாகிவிட்டது.

அதற்கப்புறம் எந்தக் கோப்பு வந்தாலும் பின்னால் இருக்கிற மனுவை அந்தப் பாஷைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்வாராம். முதலில் அவர்கள் பாஷையில், பிறகு இங்கிலீஷில். கோப்புகள் குவிந்தன. மந்திரிகள் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள், பிறகு முகத்துக்கு நேராகவே முறைத்தார்கள். பத்திரிகையில் தாமதக் கவர்னர் என்று கார்ட்டூன் போட்டார்கள். பதவி முடிந்ததும் மறுபடி எங்கேயும் அவரை நியமிக்கவில்லை. அந்த ஊர்க்காரர்களுக்குப் பழைய இடம் திரும்பக் கிடைத்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரை அன்றைக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

பள்ளிக்கூட விஷயம் அதற்கடுத்த மே மாசம். தமிழ் டிவிஷனில் பிள்ளைகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டு வந்தார்கள். இத்தனை பேர் இல்லாவிட்டால் டிவிஷனை எடுத்துவிடுவார்கள். பெற்றோரிடமிருந்து சம்மதபத்திரம் வாங்க வேண்டும் என்று மலையாளத்தில் ஒரு பாரம் வந்தது. பிள்ளை தமிழிலா மலையாளத்திலா என்று இரண்டு கட்டம். பள்ளி ஆபீசிலிருந்து யாரோ ஒரு மாதிரிப் பாரத்தைப் பூர்த்தி செய்து, இதே மாதிரி போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்று என் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். வேண்டுமென்று செய்தார்களா, அசட்டையா, எனக்கு இன்று வரை தெரியாது. நான் செய்தது தெரியும். மாதிரியில் எந்தக் கட்டத்தில் டிக் இருந்ததோ அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன். பெயர், வீட்டுப் பெயர், வகுப்பு, பெருக்கல் குறி. காலையிலிருந்து அம்மாக்கள் வரிசையாக வந்து ஒப்புப் போட்டுவிட்டு நார் மில்லுக்கு வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பத்து மணி வாக்கில் கவர்னரம்மா வீட்டு வரி ரசீதை நகலெடுக்க வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒரு பெண் மைப் பெட்டியில் கட்டை விரலை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அம்மிணி, அதுல என்ன எழுதியிருக்குது?"

"தெரியலைங்கம்மா. பள்ளிக்கூடத்துக்கு ஒப்புங்க."

அம்மா என்னைப் பார்த்தார். நான் சலித்துக்கொண்டே பாரத்தை எடுத்து மலையாளத்தில் படித்து, தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். "என் குழந்தையை வருகிற வருஷம் முதல் மலையாளம் டிவிஷனில் சேர்க்க எனக்குச் சம்மதம். என் குழந்தைக்குத் தமிழ் டிவிஷன் தேவையில்லை என்று..." அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. மேஜைமேல் கையெழுத்தான பாரங்கள் ஒரு கட்டு இருந்தன. எல்லாம் என் டிக்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வெற்றுப் பாரம் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். கடையைச் சாத்து, வீடு வீடாகப் போகலாம் என்றார்.

இரண்டு நாள் நடந்தோம். நான், அம்மா, எங்களோடு தமிழ் டீச்சர். டிவிஷன் போனால் டீச்சருக்கு எங்கே மாற்றல் வரும் என்றே தெரியாது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நான் பாரத்தை முதலில் மலையாளத்தில் படித்தேன், பிறகு தமிழில். இரண்டு கட்டத்துக்கும் என்ன அர்த்தம் என்று சொன்னேன். அவர்கள் சொன்ன கட்டத்தில் டிக் போட்டு, போட்டதைத் திரும்பப் படித்தேன். தொண்டை கட்டிப்போய், இரண்டாம் நாள் டீச்சர் வெந்நீர் பாட்டில் கொண்டுவந்தார். அம்மா எதுவும் பேச மாட்டார். கட்டிலோ கல்லோ எது கிடைத்ததோ அதில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். தமிழ்தான் வேணுமுங்க என்று யாராவது சொன்னால் முகம் மலரும், ஆனால் தலையைக்கூட ஆட்ட மாட்டார்.

இரண்டாம் நாள் சாயங்காலம் டீச்சர் எண்ணிப் பார்த்தார். டிவிஷன் தொடர்வதற்கு இன்னும் ஒரே ஒரு பிள்ளை வேண்டும். மீதமிருந்ததும் ஒரே ஒரு வீடு, பழனியம்மாவின் வீடு. டீச்சர் முகத்தில் அப்போதே சிரிப்பு வந்துவிட்டது. பழனியம்மாவுக்குத் தமிழ் தவிர ஒரு வார்த்தை தெரியாது. அவள் மகள் தமிழ் டிவிஷனில் ஒன்றாம் வகுப்பு முடித்திருந்தாள், நன்றாகப் படிக்கிற பிள்ளை.

பழனியம்மா மில்லிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், தலையெல்லாம் தேங்காய் நார்த் தூசி. நான் படித்ததை முழுக்கக் கேட்டாள். இரண்டாவது தடவையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "மலையாளத்துலயே போடுங்க" என்றாள்.

டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பிள்ளைதான் குறைகிறது, உன் ஒரு ஒப்பில்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தார். பழனியம்மா டீச்சரைப் பார்க்காமல் கவர்னரம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க ஊட்டுக்காரரை ஆஸ்பத்திரியில வெச்சிருந்தப்ப ஒரு பேப்பரைக் குடுத்து ஒப்புப் போடச் சொன்னாங்க. போட்டனுங்க. காலை எடுக்கப்போறாங்கன்னு அதுல எழுதியிருந்துச்சாமுங்க. எடுத்துப்போட்டு வெளிய கொண்டாந்தப்பத்தான் எனக்குத் தெரியும். எம்புள்ளைக்கு அந்தப் பேப்பரைப் படிக்கத் தெரியோணுமுங்கம்மா."

அவள் புருஷன் உள்ளே கட்டிலில் படுத்திருந்தது தெரிந்தது. டீச்சர் கவர்னரம்மா காதோரம் குனிந்து, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள் என்றார். எனக்குக் கேட்டது. பழனியம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

அம்மா எழுந்து நின்று, "அவங்க சொன்னதைப் போட்டு, படிச்சுக் காட்டு கண்ணு" என்றார்.

போட்டேன். படித்தேன். பழனியம்மா ஆமாம் என்றாள், கட்டை விரலை அழுத்தினாள்.

திரும்பும் வழியில் டீச்சர் எங்களோடு வரவில்லை. நான் அம்மாவோடு சண்டை போட்டேன். இவ்வளவு பெரிய பதவியில் இருந்தவர், நம் பள்ளிக்கூடம், நீங்கள் படித்த வகுப்பு, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று நடுரோட்டில் கத்தினேன். கையில் இருந்த பாரக் கட்டை அவர் முன்னால் நீட்டி, இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா போட்டிருப்பாங்க. கவர்னரம்மா சொன்னாங்கன்னு போட்டிருப்பாங்க. அது அவங்க ஒப்பு இல்ல கண்ணு, என்னோடது" என்றார். கொஞ்ச தூரம் நடந்து, வாய்க்கால் மேட்டில் நின்று அழுதார். நான் கிட்டே போய்ச் சால்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் அழுகை வந்தது, அவருக்காகவா டீச்சருக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஜூனில் டிவிஷனை மூடிவிட்டார்கள். டீச்சருக்குத் தூரத்தில், மலைமேல் சாந்தன்பாறைப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்து ஊரில் ஒரு பள்ளிக்கூடம் கிடைத்தது. போகிற அன்று எங்கள் இருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனார். ஊரில் விவரம் தெரிந்தவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள். என் கடையில் வாங்கின முதல் பாரங்களை அப்படியே விட்டிருந்தால், படிக்கத் தெரியாதவர்களை ஏமாற்றி வாங்கியது என்று கேஸ் போட்டு டிவிஷனை மீட்டிருக்கலாம். கவர்னரம்மா வீடு வீடாகப் போய்ப் புதிதாக, சுத்தமாக வாங்கிக் கொடுத்துவிட்டார், இனி எந்தக் கோர்ட்டும் தொடாது. அவர் வக்கீல், அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நான் கேட்டேன். தெரியும் என்றார்.

அப்புறமும் கடைக்கு வந்துகொண்டுதான் இருந்தார். ஊரில் சிலர் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களுடைய அபேக்ஷையையும் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்பார். நானும் மாறிவிட்டேன். அவர் இல்லாத நாளிலும் படிக்கிறேன். வேகமான கை என்ற பேர் போய்விட்டது, அவசரக்காரர்கள் இப்போது கோபாலபுரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

போன மழைக் காலத்தில் அவர் இறந்துபோனார். தோப்பிலேயே, மத்தியானத் தூக்கத்தில். கொஞ்சம் கார்கள் வந்தன, போலீஸ் மரியாதை நடந்தது, எல்லாம் சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. மறுநாள் பத்திரிகையிலிருந்து ஒரு நிருபர் வந்தார். அவருடைய வாழ்க்கையையும் சேவையையும் பற்றி ஒரு பக்கம் போடப் போகிறோம், சொந்த ஊருக்கு என்ன செய்தார் என்று எல்லாரிடமும் கேட்டார். பாலம் கொண்டுவந்தாரா, காலேஜ் கொண்டுவந்தாரா, ஒரு பஸ்ஸாவது விடச் சொன்னாரா. ஒன்றுமில்லை என்றார்கள். இருந்த தமிழ் டிவிஷனையும் தொலைத்தார் என்று ஒருவர் சொன்னார். நிருபர் அதை எழுதுவதா வேண்டாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார்.

பழனியம்மா மில் வேலைக்குப் போகிற வழியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகத்தான் முன்னால் வந்தாள். என்ன பேர் என்று நிருபர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், சொல்ல வந்ததைச் சொன்னாள்.

"எம்பட விரலை இதுவரைக்கும் எத்தனையோ பேரு புடிச்சு அழுத்தியிருக்காங்க. உனக்கு என்ன வேணும்னு கேட்டு, நான் சொன்னதை அப்பிடியே எழுதுனது அந்த ஒருக்காத்தானுங்க. அந்தம்மாளுக்கு அது புடிக்கலைங்க. எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. புடிக்காமயே எழுதச் சொன்னாங்க."